பூஞ்சைத் தொற்றைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள்: எதைக் கண்டறியும், எதைத் தவறவிடும்?

புதுதில்லி: தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஒருவருக்குப் பல நாள்களாகக் காய்ச்சல் தணியவில்லை. ஆன்டிபயாடிக் மருந்துகள் பலனளிக்கவில்லை. ரத்தத்தில் பாக்டீரியா எதுவும் வளரவில்லை. இத்தகைய நிலையில் மருத்துவர்கள் அடுத்ததாகச் சந்தேகிப்பது பூஞ்சைத் தொற்றை. அதை விரைவாக உறுதிசெய்ய உதவுபவை, ரத்தத்தில் பூஞ்சையின் துகள்களைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனைகள்.

இந்தியாவின் பெரிய மருத்துவமனைகளிலும் தனியார் ஆய்வகங்களிலும் இப்பரிசோதனைகள் இப்போது செய்யப்படுகின்றன. ஆயினும், எல்லாப் பூஞ்சைகளையும் கண்டறியும் ஒரே பரிசோதனை என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு பரிசோதனையும் குறிப்பிட்ட சில பூஞ்சைகளை மட்டுமே அறியும். எனவே, 'தொற்று இல்லை' என்று வரும் அறிக்கையின் பொருள், எந்தப் பூஞ்சைக்காக எந்தப் பரிசோதனை செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தே அமைகிறது. இந்த வேறுபாட்டை அறியாவிட்டால் சிகிச்சை தாமதமாகவும், தவறான மருந்து தரப்படவும் வாய்ப்புண்டு.

ஆன்டிஜென் என்றால் என்ன?

கரோனா காலத்தில் ஆன்டிஜென், ஆன்டிபாடி என்ற இரு சொற்களும் மக்களிடையே பரவலாகப் புழங்கின. கிருமியின் உடலைச் சேர்ந்த பொருள் ஆன்டிஜென். அதை எதிர்க்க நமது உடல் உருவாக்குவது ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள். ஆன்டிஜென் கிடைத்தால் கிருமியின் பகுதி அந்த மாதிரியில் இருக்கிறது என்று பொருள். ஆன்டிபாடி கிடைத்தால் உடல் அக்கிருமியை எப்போதோ சந்தித்திருக்கிறது என்று பொருள்.

பூஞ்சைத் தொற்றில் இந்த வேறுபாடு மேலும் முக்கியமானது. உடலுக்குள் ஊடுருவும் பூஞ்சைகள் பெரும்பாலும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களையே தாக்குகின்றன. ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்வோர், எச்.ஐ.வி. தொற்று முற்றியோர் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். இவர்களது உடல் போதிய எதிர்ப்பொருளை உருவாக்காமல் போகலாம். ஆகவே, கிருமியின் பகுதியையே நேரடியாகத் தேடும் முறை இவர்களுக்குப் பொருந்துகிறது.

பூஞ்சைகளின் செல் சுவர் பலவகைச் சர்க்கரைச் சேர்மங்களால் ஆனது. பூஞ்சை வளரும்போது இவற்றில் ஒரு பகுதி உதிர்ந்து ரத்தத்தில் கலக்கிறது. பரிசோதனைகள் தேடுவது பெரும்பாலும் இந்தச் சர்க்கரைச் சேர்மங்களைத்தான்.

வளர்ப்புச் சோதனை ஏன் போதவில்லை?

ரத்தத்தை எடுத்து அதில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் 'கல்ச்சர்' முறையே நெடுங்காலமாக அடிப்படைச் சோதனையாக இருந்து வருகிறது. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதையும் அதுவே காட்டும். ஆனால், உடலுக்குள் பரவிய கேண்டிடா தொற்றுகளில் ஏறத்தாழ பாதியை மட்டுமே ரத்த கல்ச்சர் கண்டுபிடிக்கிறது. முடிவு வரச் சில நாள்களும் ஆகின்றன. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரலை அரித்துக்கொண்டிருக்கும்போதும் ரத்த கல்ச்சரில் பெரும்பாலும் வளர்வதில்லை. நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையை வழக்கமான ஆய்வகங்களில் வளர்க்கவே இயலாது.

உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் முதன்முறையாக முன்னுரிமைப் பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. அதில் 19 பூஞ்சைகள் இடம்பெற்றன. மிகவும் அபாயகரமானவை என்ற பிரிவில் கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ், கேண்டிடா ஆரிஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ், கேண்டிடா ஆல்பிகன்ஸ் ஆகிய நான்கும் வைக்கப்பட்டன. இவற்றுள் முதலாவதான கிரிப்டோகாக்கஸைக் கண்டறியும் பரிசோதனையே இத்துறையின் பெரிய வெற்றியாகக் கருதப்படுகிறது.

10 நிமிடத்தில் முடிவு

கிரிப்டோகாக்கஸ் மண்ணிலும் புறா எச்சத்திலும் காணப்படும் பூஞ்சை. சுவாசம் வழியே உடலுக்குள் செல்கிறது. எச்.ஐ.வி. தொற்றால் எதிர்ப்பாற்றல் வெகுவாகக் குறைந்தவர்களிடம் அது மூளை உறையைத் தாக்கி மெனிஞ்ஜைடிஸ் எனப்படும் மூளை உறை அழற்சியை உண்டாக்குகிறது. 2020-ஆம் ஆண்டில் இந்நோயால் உலகெங்கும் சுமார் 1.12 லட்சம் பேர் உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. எய்ட்ஸ் சார்ந்த இறப்புகளில் இது 19 சதவீதம்.

இப்பூஞ்சையைச் சுற்றித் தடித்த சர்க்கரை உறை ஒன்று உண்டு. அந்த உறையின் துகள்கள் ரத்தத்தில் ஏராளமாகக் கலக்கின்றன. அதனால் அவற்றைக் கண்டறிவது எளிது. 2011-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்ற பட்டைச் சோதனை, கருத்தரிப்பைக் கண்டறியும் பட்டையைப் போலவே செயல்படுகிறது. சீரம் அல்லது முதுகுத்தண்டிலிருந்து எடுத்த திரவத்தில் பட்டையை வைத்தால் 10 நிமிடத்தில் கோடுகள் தெரியும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. நோயுள்ளவர்களில் 95 சதவீதத்துக்கும் அதிகமானோரை இது சரியாகக் கண்டுபிடிக்கிறது.

இதன் பயன் வேகத்தோடு முடிவதில்லை. தலைவலி, வாந்தி போன்ற அறிகுறிகள் தோன்றுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே ஆன்டிஜென் ரத்தத்தில் தென்படுகிறது. நோயாளி நலமாக நடமாடும் அந்த இடைவெளியில் கண்டறிந்தால், மூளை உறை அழற்சி ஏற்படாமல் தடுக்க இயலும்.

இதன் அடிப்படையில், சி.டி.4 செல் எண்ணிக்கை 100-க்குக் கீழ் உள்ள எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கும் முன் இப்பரிசோதனையைச் செய்யுமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 200-க்குக் கீழ் உள்ளவர்களுக்கும் செய்யலாம் என்கிறது. 'தொற்று உண்டு' என முடிவு வந்தால், முதுகுத்தண்டுத் திரவத்தையும் சோதிக்க வேண்டும். அதில் பூஞ்சை இல்லையெனில், முன்கூட்டியே ஃபுளுகோனசோல் மாத்திரை தரப்படுகிறது. மூளை உறையில் தொற்று இருந்தால் ஆம்ஃபோடெரிசின்-பி உள்ளிட்ட தீவிர சிகிச்சை அளிக்கப்படுகிறது, எச்.ஐ.வி. மருந்துகளைத் தொடங்குவது 4 முதல் 6 வாரங்கள் தள்ளிவைக்கப்படுகிறது. எதிர்ப்பாற்றல் திடீரென மீளும்போது, மறைந்திருக்கும் பூஞ்சைக்கு எதிராக உடல் கடுமையாக வினைபுரிந்து மூளைக்கு ஆபத்தை விளைவிக்கக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.

தான்சானியா, ஜாம்பியா ஆகிய நாடுகளில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், இந்த ரத்தப் பரிசோதனையுடன் சிகிச்சையின் தொடக்க வாரங்களில் வீடு தேடிச் சென்று ஆதரவளிக்கும் சேவையும் இணைக்கப்பட்டபோது, முற்றிய எச்.ஐ.வி. நோயாளிகளின் இறப்பு 28 சதவீதம் குறைந்தது.

இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வதாகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு மதிப்பிட்டுள்ளது. அரசின் ஏ.ஆர்.டி. மையங்களில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. எனினும், தொற்று முற்றிய பிறகே முதன்முறையாக மருத்துவமனைக்கு வருவோர் இன்னும் உள்ளனர். இப்பரிசோதனையால் அதிகம் பயனடையக்கூடியவர்கள் இவர்களே.

ஒரு கட்டுப்பாடும் உண்டு. சிகிச்சை வெற்றி பெற்ற பின்னரும் இந்த ஆன்டிஜென் ரத்தத்தில் மாதக்கணக்கில் நீடிக்கலாம். எனவே, குணமாகிவிட்டதா என்பதை அறிய இப்பரிசோதனையைப் பயன்படுத்துவதில்லை.

ஆஸ்பெர்ஜில்லஸ்: எண்ணைப் புரிந்துகொள்வது எப்படி?

கட்டுமானத் தூசியிலும் ஈரமான சுவர்களிலும் காற்றிலும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் நுண்வித்துகள் எங்கும் உள்ளன. நலமுடன் இருப்பவர்களை அவை பெரும்பாலும் பாதிப்பதில்லை. நியூட்ரோபில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்தவர்களின் நுரையீரலில் அவை வேர் பிடித்து, ரத்தக் குழாய்களுக்குள் ஊடுருவுகின்றன. அப்போது செல் சுவரிலிருந்து காலக்டோமன்னன் என்ற சர்க்கரைச் சேர்மம் ரத்தத்தில் கலக்கிறது. அதைக் கண்டறியும் எலைசா பரிசோதனைக்கு அமெரிக்காவில் 2003-இல் அனுமதி கிடைத்தது.

இதன் முடிவு ஒரு குறியீட்டு எண்ணாகத் தரப்படும். சீரத்தில் 0.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொற்று இருக்கக்கூடும் என்று ஆய்வகங்கள் பொதுவாகக் குறிப்பிடுகின்றன. ஆராய்ச்சிகளுக்காக 2020-இல் திருத்தப்பட்ட சர்வதேச வரையறை, சீரத்தில் 1.0 என்ற உயர்ந்த அளவைக் கோருகிறது. ஆகவே, 0.6 என்று வந்த அறிக்கையும் 3.0 என்று வந்த அறிக்கையும் ஒரே உறுதியைத் தருவதில்லை.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வின்படி, 0.5 என்ற அளவில் இப்பரிசோதனை நோயுள்ளவர்களில் சுமார் 78 சதவீதத்தினரைக் கண்டுபிடிக்கிறது. நோயில்லாதவர்களில் சுமார் 85 சதவீதத்தினரைச் சரியாக விலக்குகிறது. இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 100 நோயாளிகளைச் சோதிப்பதாகவும், அவர்களில் 10 பேருக்கு உண்மையில் நோய் இருப்பதாகவும் கொள்வோம். அந்த 10 பேரில் 8 பேர் கண்டறியப்படுவர். 2 பேர் தவறவிடப்படுவர். நோயில்லாத 90 பேரில் 13 அல்லது 14 பேருக்கும் 'தொற்று உண்டு' என்று தவறாக வரும். அதாவது, 'உண்டு' என்று வந்த 21 அல்லது 22 பேரில் உண்மையான நோயாளிகள் 8 பேர் மட்டுமே. 'இல்லை' என்று வந்த ஏறத்தாழ 78 பேரில் தவறானவை 2 மட்டுமே.

இதனால்தான் ஒரே ஓர் எண்ணை வைத்து மருத்துவர்கள் முடிவெடுப்பதில்லை. மீண்டும் ரத்தம் எடுத்துச் சோதிக்கின்றனர். நெஞ்சுப் பகுதிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கின்றனர். தேவைப்பட்டால் மூச்சுக்குழாய் வழியே நுரையீரலைக் கழுவி எடுக்கும் திரவத்திலும் இதே சோதனையைச் செய்கின்றனர். வெள்ளணு எண்ணிக்கை சீராக உள்ள தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் ரத்தத்தைவிட அந்தத் திரவமே நம்பகமான முடிவைத் தருகிறது. கரோனாவால் நுரையீரல் பாதிக்கப்பட்டு ஆஸ்பெர்ஜில்லஸ் தொற்றுக்கும் உள்ளான பலரிடம் ரத்தப் பரிசோதனை 'இல்லை' என்றே காட்டியது.

நோயாளி ஏற்கெனவே இப்பூஞ்சைக்கு எதிரான மருந்தை எடுத்துக்கொண்டிருந்தால் பரிசோதனையின் கண்டறியும் திறன் குறையும். சிரை வழியே செலுத்தப்படும் சிலவகைத் திரவங்களில் உள்ள குளுக்கோனேட், தொற்று இல்லாமலேயே 'உண்டு' என்ற முடிவைத் தரக்கூடும்.

குதிரைலாட நண்டின் ரத்தம் தரும் விடை

கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ், நியூமோசிஸ்டிஸ் எனப் பல பூஞ்சைகளின் செல் சுவரில் பொதுவாக இருப்பது பீட்டா-டி-குளுக்கான். இதை அளக்கும் பரிசோதனை கண்டிப்பான பொருளில் ஆன்டிஜென் பரிசோதனை அன்று. எதிர்ப்பொருளைக் கொண்டு தேடுவதற்குப் பதிலாக, கடல்வாழ் உயிரினமான குதிரைலாட நண்டின் ரத்த அணுச் சாற்றைப் பயன்படுத்துகிறது. குளுக்கானைத் தொட்டவுடன் அந்தச் சாறு உறையத் தொடங்குகிறது. அந்த வினையே அளவிடப்படுகிறது. இந்தியாவில் ஒடிஸா, மேற்கு வங்கக் கடற்கரைகளில் இருவகைக் குதிரைலாட நண்டுகள் காணப்படுகின்றன. அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை.

அமெரிக்காவில் 2004-இல் அனுமதிக்கப்பட்ட பரிசோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 60 பிகோகிராமுக்குக் குறைவு என்றால் 'இல்லை'. 80 அல்லது அதற்கு மேல் என்றால் 'உண்டு'. இடைப்பட்ட அளவு, முடிவு சொல்ல இயலாத நிலை. ஜப்பானில் தயாராகும் பரிசோதனைகளின் வரம்பு இதைவிட மிகவும் குறைவு. ஆகவே, வெவ்வேறு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிடும் முன், இரண்டிலும் பயன்பட்ட பரிசோதனை ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும்.

எந்தப் பூஞ்சை என்பதை இது சொல்லாது. டயாலிசிஸ் கருவியின் செல்லுலோஸ் சவ்வு, அறுவை சிகிச்சையில் பயன்படும் பஞ்சுத் துணி, சிரை வழியே தரப்படும் அல்புமின், இம்யூனோகுளோபுலின் போன்றவற்றாலும் அளவு உயரலாம். எனவே, 'உண்டு' என்ற முடிவைவிட 'இல்லை' என்ற முடிவே இங்கு அதிகம் பயன்படுகிறது. அளவு திரும்பத் திரும்பக் குறைவாகவே இருந்தால், தேவையற்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தை நிறுத்துவதற்கு அது துணைபுரிகிறது.

கருப்புப் பூஞ்சை: பரிசோதனைகளுக்குத் தென்படாத எதிரி

மேற்சொன்ன மூன்று பரிசோதனைகளும் ஒருசேரத் தவறவிடும் நோய் ஒன்று உண்டு. கரோனா இரண்டாம் அலையின்போது நாட்டை உலுக்கிய, கருப்புப் பூஞ்சை என்று அழைக்கப்பட்ட மியூகோர்மைகோசிஸே அது. 2021 மே மாதம் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்குமாறு மாநிலங்களை மத்திய சுகாதார அமைச்சகம் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டு ஜூன் 28 நிலவரப்படி 40,845 பேர் பாதிக்கப்பட்டதாகவும், 3,129 பேர் உயிரிழந்ததாகவும் மத்திய அரசு தெரிவித்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நீரிழிவு உள்ளவர்களாகவும் ஸ்டீராய்டு பெற்றவர்களாகவும் இருந்தனர்.

இந்நோயை உண்டாக்கும் மியூகோரேல்ஸ் வகைப் பூஞ்சைகளின் செல் சுவரில் காலக்டோமன்னன் இல்லை. பீட்டா-டி-குளுக்கானும் கண்டறியும் அளவுக்கு இல்லை. எனவே, மியூகோர் மூக்கிலிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் பரவிக்கொண்டிருந்தாலும் இவ்விரு ரத்தப் பரிசோதனைகளும் 'இல்லை' என்றே சொல்லக்கூடும். முகத்தில் வலி, கன்னம் மரத்துப்போதல், மூக்கிலிருந்து கருநிறக் கசிவு, பார்வை இரட்டையாகத் தெரிதல் போன்ற அறிகுறிகள் இருந்தால், ரத்தப் பரிசோதனை முடிவை நம்பிக் காத்திருக்கக் கூடாது. எண்டோஸ்கோப்பி மூலம் திசு எடுத்து, அதை நுண்ணோக்கியில் உடனே பார்ப்பதே வழி. பட்டையான, நாடா போன்ற இழைகள் தெரிந்தால் அது மியூகோர். பாதிப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை ஸ்கேன் காட்டும்.

இந்த வேறுபாடு மருந்தையே மாற்றிவிடுகிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் தொற்றுக்கு முதன்மையாகத் தரப்படும் வோரிகோனசோல், மியூகோருக்கு எதிராகச் செயல்படுவதில்லை. மியூகோருக்கு ஆம்ஃபோடெரிசின்-பி மருந்தும், அழுகிய திசுவை அகற்றும் அறுவை சிகிச்சையும் தேவை.

காசநோய் என்று கருதப்படும் பூஞ்சைகள்

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். நெடுநாள் காய்ச்சல், எடை குறைவு, இருமல் என்றால் முதலில் காசநோயை நினைப்பது இயல்பே. ஆனால், கங்கைச் சமவெளியில் காணப்படும் ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சையும் இதே அறிகுறிகளைத் தருகிறது. அதன் ஆன்டிஜெனை ரத்தத்திலும் சிறுநீரிலும் கண்டறியலாம். மணிப்பூரில் எச்.ஐ.வி. நோயாளிகளிடம் டலரோமைசஸ் என்ற பூஞ்சை காணப்படுகிறது. இவ்விரண்டின் சர்க்கரைச் சேர்மங்களும் ஆஸ்பெர்ஜில்லஸின் காலக்டோமன்னனை ஒத்திருப்பதால், அந்தப் பரிசோதனையிலும் 'உண்டு' என்று வரலாம். நோயாளி எந்தப் பகுதியைச் சேர்ந்தவர், எங்கெல்லாம் வசித்தார் என்பதை மருத்துவர் கேட்பது இதனால்தான்.

காசநோய் குணமானவர்களின் நுரையீரலில் எஞ்சும் குழிகளில் ஆஸ்பெர்ஜில்லஸ் மெதுவாக வளர்வதும் உண்டு. ரத்தம் கலந்த சளி, தீராத இருமல் ஆகியவை அதன் அறிகுறிகள். இந்த நாள்பட்ட நோயில் ரத்தத்திலுள்ள ஆன்டிஜெனைத் தேடுவது அதிகம் உதவாது. இங்கு ஆஸ்பெர்ஜில்லஸுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடி பரிசோதனையே முதன்மையானது. ஒரே பூஞ்சை என்றாலும் நோய் மாறும்போது பரிசோதனையும் மாறுகிறது.

நோயாளிகளும் உறவினர்களும் கவனிக்க வேண்டியவை

* அறிக்கையில் 'பூஞ்சை' என்ற பொதுச் சொல்லைப் பார்க்காமல், எந்த ஆன்டிஜென் சோதிக்கப்பட்டது என்பதைக் கேட்டறிய வேண்டும்.

* மாதிரி ரத்தமா, முதுகுத்தண்டுத் திரவமா, நுரையீரல் திரவமா என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வரம்பு வேறு.

* பூஞ்சை எதிர்ப்பு மருந்து, டயாலிசிஸ், அல்புமின், இம்யூனோகுளோபுலின் ஆகியவற்றைப் பெற்றிருந்தால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

* புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டு, சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழ் இருந்தால், கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேட்கலாம்.

* 'இல்லை' என்ற முடிவு வந்தும் அறிகுறிகள் தொடர்ந்தால், மறுபரிசோதனைக்கோ திசுப் பரிசோதனைக்கோ தயங்கக் கூடாது. அறிக்கையை மட்டும் பார்த்து மருந்தைத் தாமாகத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

வசதி எட்டாத இடங்கள்

பூஞ்சைத் தொற்றுக்கான பரிசோதனைகள், மருந்துகள் குறித்த தனது முதல் அறிக்கைகளை உலக சுகாதார நிறுவனம் 2025 ஏப்ரல் 1 அன்று வெளியிட்டது. தற்போதுள்ள பரிசோதனைகளில் பல, வசதிமிக்க ஆய்வகத்தையும் பயிற்சி பெற்ற பணியாளர்களையும் சார்ந்திருப்பதால் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளின் மக்களைச் சென்றடையவில்லை என்று அதில் சுட்டிக்காட்டப்பட்டது.

எலைசா முறையில் இச்சிக்கல் தெளிவாகத் தெரிகிறது. ஓர் எலைசா தட்டில் 96 குழிகள் உள்ளன. ஒரே ஒரு மாதிரிக்காகச் சோதனை நடத்தினால் செலவு அதிகம் என்பதால், போதிய மாதிரிகள் சேரும்வரை ஆய்வகங்கள் காத்திருக்க நேர்கிறது. சில மணி நேரத்தில் தெரிய வேண்டிய முடிவு சில நாள்களுக்குப் பின்னர் கிடைத்தால், விரைவுப் பரிசோதனை என்பதன் நோக்கமே நிறைவேறாது. ஆஸ்பெர்ஜில்லஸுக்கும் இப்போது பட்டைச் சோதனைகள் வந்துவிட்டன. அவற்றில் ஒரேயொரு மாதிரியையும் தனியாகச் சோதித்து, சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவை அறியலாம்.

கிரிப்டோகாக்கஸ் பட்டைச் சோதனை, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசியப் பரிசோதனைகள் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. நோயை முன்கூட்டியே காட்டும் கருவி கைக்கு வந்துவிட்டது. எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளி முதன்முறையாக மருத்துவமனைக்கு வரும் நாளிலேயே அது பயன்படுத்தப்படுகிறதா என்பதைப் பொறுத்தே அதன் பலன் அமையும்.